மரம் கூடிய மலையில் சோலைக்கிளிக்கு இடம் குறைந்தது எப்படி?

கேள்வி: "கொடைக்கானல் போய் வந்தோம். வழியெல்லாம் மரம், திரும்பிய பக்கமெல்லாம் பச்சை. ஆனால் அங்கே சோலைக்கிளி என்று ஒரு பறவை வாழிடம் இழந்து அழிந்துவருகிறது என்கிறார்கள். மரம்தான் இவ்வளவு இருக்கிறதே, எந்த வாழிடம் போனது? வெளிநாட்டு மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா? அது என்ன வகைக் கிளி?"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அது கிளியே அல்ல. மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள், நாம் குருவி என்று பொதுவாகச் சொல்வதைப்போல. அந்த வழக்கில்தான் சோலைக்கிளி என்ற பெயர். கேரளத்தில் இதற்குச் சந்தியக்கிளி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் பாடும் என்பதால் எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பச்சை உடம்பும் வளைந்த சிவப்பு மூக்குமாக எதையோ தேடிப் போனீர்கள் என்றால் கண்முன்னே நின்றாலும் தவறவிட்டுவிடுவீர்கள்.

நம் வீட்டுப் பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் குண்டுக்கரிச்சானை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றுச் சின்ன உடம்பு, கட்டை வால், கட்டை இறக்கை, உடம்புக்குக் கொஞ்சம் நீளமான கால். தலை, முதுகு, மார்பு எல்லாம் மழைமேகம்போல் கருநீலம். அலகையொட்டிக் கண்வரை கறுப்பு, அதற்கு மேல் மங்கிய வெள்ளைப் புருவம், வயிறு வெள்ளை. நீலகிரிப் பக்கத்துப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு இருக்கும். பழனிமலை, ஆனைமலைப் பறவைக்கு அது கிடையாது, அங்கேயும் நீலம்தான்.

பெரும்பாலும் தரையில்தான் பிழைப்பு. சோலைக்குள், அதாவது உச்சிமலை மடிப்புகளில் நிற்கும் குட்டை மரக் காட்டுக்குள், இலை மக்கிக் கிடக்கும் தரையில் தத்தித் தத்திப் போய்ப் பூச்சி பொறுக்கும். ஆள் வந்தால் தாழப் பறந்து அடுத்த புதருக்குள் போய்விடும். மேலே ஏறி நிற்பதெல்லாம் பாடுவதற்கு மட்டும், அதுவும் இலை மறைவில். ஏப்ரல் முதல் ஜூன் வரையில் மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டும். இரண்டே முட்டை.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. அறிவியலாளர்களே இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றரை நூற்றாண்டு தடுமாறினார்கள். குட்டையிறக்கைப் பறவைகளோடு சேர்த்தார்கள், பிறகு நீல ராபின் என்றார்கள். 2017இல்தான் மரபணு, உருவம், பாட்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இமயமலைப் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்திருந்த பறவைகளோடு இதற்கு நெருங்கிய உறவே இல்லை என்று சொன்னார்கள். நீல ஈப்பிடிப்பான்கள்தான் இதற்குக் கொஞ்சம் கிட்டத்து உறவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம். அதற்கு வைத்த பெயர் 'ஷோலிகோலா', அதாவது சோலையில் குடியிருப்பது. லத்தீன் பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல். (நம் செய்தித்தாள்கள் மட்டும் இன்னும் 'ஷோலா காடு' என்று எழுதுகின்றன. பழமுதிர்சோலையை ஷோலா ஆக்காமல் விட்டார்களே என்று ஆறுதல்பட வேண்டியதுதான்.) அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் வி. வி. ராபின். நீல ராபினை ஆராய்ந்தவர் பெயரும் ராபின் என்பது தற்செயல்.

அந்த ஆய்வின்படி சோலைக்கிளி மூன்று இனம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் அதற்கப்பாலுள்ள சில உச்சிகளிலும் ஒன்று. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறு மேட்டுப்பகுதியில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, களக்காடு முண்டந்துறை, அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. கணவாய் என்பது நமக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம், ஒருமணி நேரம். இந்தப் பறவைக்கோ அது கடல். பாலக்காட்டு இடைவெளி 30-40 கி.மீ. அகலம், வெப்பமான தாழ்நிலம். குளிர்மலையில் கட்டை இறக்கையோடு வாழும் ஒன்று அதைக் கடக்காது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கடக்காமல் இருந்துதான் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்தன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி இனம் அழியும் நிலையில் இருப்பது, வெண்வயிற்று இனம் அதற்கு ஒரு படி கீழே, அழிவுக்கு ஆளாகக்கூடியது.

இனி உங்கள் முதல் கேள்வி. எந்த வாழிடம் போனது?

கொடைக்கானலில் நீங்கள் பார்த்த மரங்களில் பெரும்பாலானவை சோலை மரங்கள் அல்ல. பைன், கற்பூர மரம் என்று ஊரில் சொல்லும் யூக்கலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். நீலகிரியில் வாட்டிலைச் சீகை என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். ஒரு பைன் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். சினிமாவில் பாட்டெடுக்க வசதியாக இருப்பதற்குக் காரணமே கீழே ஒன்றும் முளைக்காமல் ஊசியிலை மட்டும் மெத்தைபோல் கிடப்பதுதான். அங்கே இந்தப் பறவை எதைப் பொறுக்கும், எதற்குள் ஒளியும்? பிறகு பாம்பார் சோலை ஓரமோ பெரிஜம் போகிற வழியில் மதிகெட்டான் சோலை ஓரமோ நில்லுங்கள். மரங்கள் அவ்வளவு உயரமில்லை. காற்றடித்து முறுக்கேறியவை, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும் தொங்கும். கீழே குறிஞ்சி இனப் புதர்கள், பெரணி, எப்போதும் ஈரமாக இருக்கும் இலைமக்கு. உள்ளே போனவனுக்குத் திசை மறந்து மதி கெடும் என்பதால்தான் அந்தப் பெயர். சோலைக்கிளிக்கு வேண்டியது இந்த மதிகெட்ட இருட்டுதான்.

இன்னொன்று. இந்த மலைகளின் உச்சி ஒரு காலத்திலும் முழுக்கக் காடாக இருந்ததில்லை. மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளிலும் ஓடைத் தலைகளிலும் மட்டும் சோலை. மரக்கன்று ஏன் மேட்டுக்கு ஏறவில்லை என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் விழும் பனி சோலைக் கன்றைக் கருக்கிவிடும். புல் தாங்கும். அந்தப் புல்வெளி மழையைக் குடித்து மெதுவாகக் கீழே விட, அந்த ஈரத்தில் சோலை நிற்கும்.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது இந்தப் புல்வெளியைச் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று பார்த்தார்கள். நாமும் அதையேதான் தொடர்ந்தோம். ஊட்டி வளரத் தொடங்கிய 1820களிலிருந்தே குளிர்காய்வதற்கு விறகு வேண்டும், அது சோலையிலிருந்துதான் வந்தது. பக்கத்துச் சோலைகள் மொட்டையாவதைப் பார்த்து, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களை 1840களில் கொண்டுவந்து நட்டார்கள். அதாவது வாட்டிலும் கற்பூர மரமும் ஒருவகையில் சோலையைக் காப்பாற்ற வந்தவை! கொஞ்சம் காப்பாற்றவும் செய்தன, அதை மறுக்க முடியாது. விறகுக்காரர் கை சோலைப் பக்கம் போவது குறைந்தது. வினை பெரிதானது சுதந்திரத்துக்குப் பிறகு. தோல் பதனிட வாட்டில் பட்டை, செயற்கை இழைக்கு யூக்கலிப்டஸ் கூழ் என்று ஆலைகளுக்காக 1950களிலிருந்து 1980கள்வரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். நட்டதெல்லாம் பெரும்பாலும் புல்வெளியில். நடவு நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் வாட்டில் நிற்கவில்லை, விதை போட்டுத் தானே பரவுகிறது.

செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனிமலையைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கிருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதே காலத்தில் மரத்தோட்டங்கள் பத்து மடங்குக்கும் மேல் பெருகின. நீங்கள் காரில் போகும்போது பார்த்த பச்சை, அந்தப் பத்து மடங்குதான். அடுத்த ஆண்டே மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லா உச்சிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1973 முதல் 2017 வரை சுமார் 340 சதுர கி.மீ. புல்வெளி அந்நிய மரங்களுக்குப் போயிருந்தது, மொத்தத்தில் 23 விழுக்காடு. இழப்பில் பெரும்பங்கு நீலகிரி, பழனி, ஆனைமலை மூன்றில்தான்.

"போனது புல்வெளிதானே, சோலைக்கிளி காட்டுப் பறவை ஆயிற்றே" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். சோலையே நேரடியாகப் போனதும் உண்டு. நீலகிரியில் தேயிலைக்கும் ஊருக்கும் போனது, குந்தா மின்திட்டத்தின் அணைகளுக்குள் மூழ்கியது, கொடைக்கானல் மேல்மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டுத் தோட்டங்களுக்கும் இப்போது விடுதிகளுக்கும் போகிறது. மிச்சமிருக்கும் சோலைக்கு வருவது வேறு மாதிரியான கேடு. நீலகிரியின் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் யூக்கலிப்டஸ் நட்டு, மற்றொன்றைப் புல்லாகவே விட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் சுற்று மரம் வளர்ந்த பத்தாண்டில் ஓடிவந்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மேட்டில் நீர் குறைந்தால் மடிப்பில் நிற்கும் சோலையின் தரை காயும். தரை காய்ந்தால் மக்கில் பூச்சி குறையும். நமக்கு ஓடை மெலிந்ததாகத் தெரிவது இந்தப் பறவைக்கு வயிற்றுப் பிரச்சினை.

ஒவ்வொரு சோலையும் தனித்துப்போவது அடுத்தது. முன்பு ஓடைவழியாக, புதர்வழியாக ஒரு சோலைக்கும் அடுத்ததற்கும் ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. இன்று நடுவில் சாலை, தேயிலை, கட்டடம். இதே சோலையில் வாழும் பழனிச் சிரிப்பான் என்ற பறவை தோட்டத்து வேலியிலும் பங்களாப் புதரிலும் சமாளித்துக்கொள்ளும், காலையில் உங்கள் விடுதிச் சன்னலுக்கு வெளியே கெக்கலிப்பது அதுதான். சோலைக்கிளி அவ்வளவு துணியாது. அதன் விளைவு மரபணுவிலேயே தெரிய ஆரம்பித்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கணவாய்கள் பிரித்ததற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாம் பிரித்தது 150, 200 ஆண்டுக்குள்.

எனக்கு இதில் மிகவும் உறுத்தியது பாட்டுச் சங்கதி. பாடும் பறவைகள் பலவும் குஞ்சுப் பருவத்தில் அக்கம்பக்கத்துப் பெரியவை பாடுவதைக் கேட்டுத்தான் பாடப் பழகும். 2016இல் வந்த ஆய்வொன்று வெவ்வேறு மலைகளில் சோலைக்கிளிகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டது. பழைய பள்ளத்தாக்குகள் பிரித்த கூட்டங்களுக்கிடையே பாட்டு ஒருவிதமாக மாறியிருந்தது. அண்மையில் காடழிந்து பிரிந்த கூட்டங்களுக்கிடையிலும் மாற்றம் இருந்தது, ஆனால் பாட்டின் வேறு அம்சங்களில். ஊர் பிரிந்தால் பேச்சு வழக்கு மாறுவதைப்போல. நம் தாத்தா காலத்தில் போட்ட தேயிலைத் தோட்டம் ஒரு பறவையின் வட்டார வழக்கை மாற்றியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

சரி, வாட்டிலை எல்லாம் வெட்டிவிட்டால்?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'எல்லாம்' என்ற சொல்தான் ஆபத்து.

பழனிமலையில் முப்பது நாற்பது வருடம் யாரும் கைவைக்காத வாட்டில் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். மேலே வாட்டில், கீழே சோலைக் கன்றுகள். பறவைகள் பழம் தின்று விதை போட்டிருக்கின்றன, வாட்டிலின் நிழல் உறைபனியை மறைத்திருக்கிறது, நிழல் விரும்பும் சோலை மரங்கள் மெல்ல எழுந்திருக்கின்றன. வட்டக்கானலில் சோலை மரங்களுக்கென்றே நாற்றங்கால் வைத்து உழைத்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் இதைப் பல காலம் சொல்லிவந்தார்கள். முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. பிறகு ஒரு மாலை, மேலே வாட்டிலும் கீழே கழுத்தளவு சோலைச் செடியுமாக இருந்த ஒரு சரிவில் நிற்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பாட்டு வந்தது. கூட வந்த வாட்சர், "என்ன சார், தோட்டத்துல நின்னு சோலைக் குருவியைத் தேடுறீங்களேன்னு நெனச்சேன். அதுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றார். ஒரே ஒரு பறவை, ஒரே ஒரு மாலை. அதை வைத்து ஆய்வு முடிவு எழுத முடியாது. ஆனால் அந்தச் சரிவில் இயந்திரத்தை இறக்கி மொட்டையடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியும். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும், தீப்பட்டதும் பாய் விரித்ததுபோல் முளைக்கும். சோலைக் கன்றும் போய், வாட்டிலும் முன்னைவிட நெருக்கமாக வந்து நிற்கும்.

புல்வெளி ஓரத்தில் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும் வாட்டில் கதை வேறு. அதைக் கையோடு பிடுங்க வேண்டும், வருடாவருடம் திரும்ப வந்து பிடுங்க வேண்டும். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அதுதான் இடம். ஆக, சரிவுக்குச் சரிவு முடிவு வேறு. இவ்வளவு ஹெக்டேர் வெட்டினோம் என்று கணக்குக் காட்டுகிற வேலைமுறைக்கு இது ஒத்துவராது என்பதுதான் சிக்கலே. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. அகற்றுவதோடு நிறுத்தாமல் மீட்பதையும் சேர்த்து வைத்தது நல்ல அறிகுறி. நடைமுறையில் அகற்றுவது எளிது, படம் எடுக்கலாம். மீட்பதற்குப் பத்து இருபது வருடம் ஒரே இடத்தில் ஆள் வேண்டும்.

பாதுகாப்பு ஒன்றுமே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் புல்மலை, நீலகிரியில் முக்கூர்த்தி, கேரளப் பக்கம் இரவிகுளம், பாம்பாடும் சோலை எல்லாம் நல்ல காவலில் உள்ளவை. எனக்கு அதிக நம்பிக்கை தருவது இவற்றைவிடச் சின்னதான ஒன்று: கோத்தகிரியின் லாங்வுட் சோலை. மொத்தமே 116 ஹெக்டேர்தான், ஊருக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்து வருவதால் ஊர்க்காரர்களே காவல்குழு வைத்துக் காத்தார்கள், புகுந்திருந்த அந்நியச் செடிகளைக் களைந்தார்கள். 2024இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சர் அந்தஸ்து கிடைத்தபோது அங்கிருக்கும் முக்கியமான பறவைகளில் ஒன்றாக நீலகிரிச் சோலைக்கிளியின் பெயரும் இடம்பெற்றது. பறவைக்காக யாரும் அந்தக் காட்டைக் காக்கவில்லை, குடிதண்ணீருக்காகக் காத்தார்கள். சோலைக்கிளிக்கு அது போதுமானதாக இருந்தது.

காலநிலை மாற்றம் பற்றி நீட்ட விரும்பவில்லை. குளிர் தேடி மேலே போகும் பறவைகளுக்கு நடுமலையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. இவை ஏற்கெனவே உச்சியில் இருக்கின்றன.

நீங்கள் அடுத்தமுறை போகும்போது பார்க்க ஆசைப்பட்டால்: ஏப்ரல், மே மாதம், விடிவதற்குச் சற்று முன்போ இருட்டத் தொடங்கும்போதோ, பழைய சோலையை ஒட்டிச் செல்லும் ஏதாவதொரு சாலையில், பெரிஜம் பக்கம் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். மெல்லிய சீழ்க்கையில் ஆரம்பித்து, நடுநடுவே பூச்சி ரீங்கரிப்பதுபோல் கரகரத்து, நிறுத்தாமல் நீளமாகப் போகும் பாட்டு. அவசரப்பட்டுக் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுக்காதீர்கள். தன் இடத்துக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டை விட்டுவிட்டு ஓடிவரும். படத்துக்காக அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பருவத்தில் ஒரே ஓரத்துப் பறவையை நாளுக்கு நான்கு பேர் இழுத்தால் அது எப்போது இரை தேடும்? பத்து நிமிடம் அசையாமல் நின்றால் சாலையோர மக்கில் அதுவாகவே ஒருமுறை வந்து தத்திவிட்டுப் போகும். வரவில்லை என்றால் பாட்டோடு திரும்பி வாருங்கள். எனக்கும் பாதி நாள் அதுதான் கிடைக்கிறது.